மணையிலிருந்து எழுந்திருப்பது

செங்கல்பட்டு ஸ்டேஷன் பக்கம் ரொம்ப காலம் பிசியோதெரபி கிளினிக் நடத்தினேன். வலி என்றுதான் ஆட்கள் வருவார்கள். ரிட்டயர்டு வாத்தியார் சபாபதி மட்டும் வலி எதுவும் இல்லாமல், முகம் செத்துப்போய் வந்து உட்கார்ந்தார்.

மகளுக்குக் கல்யாணம், இன்னும் சில மாதத்தில். மணையில் உட்கார்ந்து மாப்பிள்ளை காலைக் கழுவி, தாரை வார்க்க வேண்டும். வீட்டில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். எழுந்திருக்க முடியவில்லை. மனைவியும் மகளும் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கியிருக்கிறார்கள். லாரி வைத்திருக்கும் தம்பி உடனே சொல்லிவிட்டாராம்: "நீ சேர்ல குந்து அண்ணாத்த. மணையில நான் குந்திக்கிறேன்."

"பெத்தவன் நான் இருக்கசொல்ல அவன் எதுக்கும்மா?" தொடையைத் தட்டிக் காட்டினார். "தினம் ஏரிக்கரையில வாக்கிங் போறேன். என் காலுக்கு இன்னா வந்துச்சு?"

வாக்கிங் போகிறவர்கள் எல்லாரும் இதையே கேட்பார்கள். எனக்கு எரிச்சலாக வரும். நடப்பது நல்லதுதான். ஆனால் வயசாக ஆகத் தொடையிலும் இடுப்பிலும் தசை கரையும். பாரம் கொடுத்து வேலை வாங்கினால்தான் நிற்கும். அவர் வீட்டில் கட்டில், டைனிங் டேபிள், வெஸ்டர்ன் டாய்லெட். தரையில் உட்கார்ந்தே வருஷக்கணக்கு ஆகியிருந்தது.

நாற்காலியில் தலையணைகளை அடுக்கி உட்காரவைத்தேன். கையை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்திருக்க வேண்டும். பழகப் பழகத் தலையணைகளை ஒவ்வொன்றாக உருவினேன். அப்புறம் முக்காலி, கடைசியில் தரை. ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தார். முட்டை, சுண்டல் ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்றால் திட்டுவேன்.

"பசங்கள நான்கூட இப்படி மெரட்டினதில்லம்மா," என்பார்.

கல்யாணம் திருக்கழுக்குன்றத்தில். நானும் போயிருந்தேன். அவர்தான் மணையில் உட்கார்ந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று தம்பி பக்கத்தில் பாயில் சம்மணம் போட்டிருந்தார். தாரை வார்த்து முடிந்தது. வாத்தியார் ஒரு காலை முன்னால் ஊன்றினார், முழங்காலில் கைவைத்தார், எழுந்து நின்றுவிட்டார். மகள் அழுதாள். எனக்கும் கண் கலங்கியது.

தம்பி எழுந்திருக்கவில்லை. முக்கிப் பார்த்துவிட்டுக் கையை நீட்டினார். "அண்ணாத்த, கொஞ்சம் தூக்கி வுடு."

அன்றிலிருந்து, கிளினிக்கை மூடும்வரை, நோயாளியோடு துணைக்கு வருகிறவரையும் ஒருமுறை உட்கார்ந்து எழுந்திருக்கச் சொல்வேன். பாதிப் பேர் சுவரைத் தேடுவார்கள்.

அந்த மண்டபத்தில் வாத்தியார் தம்பியைத் தூக்கிவிட்டார். பிடித்த கையை விடாமல் நேராக என்னிடம் இழுத்து வந்தார்.

"இவனுக்கு வாக்கிங்கூட கெடையாதும்மா. தலகாணி நெறைய வெய்யி."