மிஷினும் எங்கள் பல்லும்

கம்பியின் முனை மெல்ல இறங்கி நேந்திரங்காய் சிப்ஸ் ஒன்றின் நடுவில் அழுத்தும். ‘டக்’. கம்ப்யூட்டர் திரையில் ஒரு கோடு ரம்பப் பல் போல ஏறி இறங்கும். பல் நிறைய இருந்தால் சரக்கு மொறுமொறுப்பு. தேனிப் பக்கம் ஒரு சிப்ஸ் கம்பெனியில் லேப் மேடம் வைத்திருந்த மிஷின் அது. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, மூணாறில் தேயிலை மூட்டை தூக்கி, திருப்பூரில் சில நாள் பட்டினியும் கிடந்து அங்கே போய்ச் சேர்ந்தவன் நான். அடுப்புக்கு விறகு தள்ளுவது வேலை. மேடம் கூப்பிட்டால் மற்றவர்களோடு போய்த் தின்று, மொறுமொறுப்புக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்றும் சொல்ல வேண்டும்.

மேடம் கெங்குவார்பட்டி விவசாய வீட்டுப் பெண். தின்கிறவர்கள் பல் சொல்வதும் மிஷின் சொல்வதும் ஒன்றுதான் என்று காட்டிவிட்டால், நமத்த சரக்கு கடைக்குப் போகாமலே பிடித்துவிடலாம் என்று முதலாளியிடம் வாதாடி, சோதனைக்காக அதை வரவழைத்திருந்தார். ஆடிச் சாரல் தொடங்கியதும் இரண்டும் முறுக்கிக்கொண்டன. மிஷின் பிரமாதம் என்றது. நாங்கள் மூன்று, நாலு என்றோம்.

“சனிக்கெழமைக்குள்ள ரெண்டும் ஒத்து வரலைன்னா மிஷினும் போகட்டும், நீயும் கெளம்பும்மா” என்றார் முதலாளி.

மறுநாள் மேடம் மிஷின் பக்கமே போகவில்லை. எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். எல்லார் தட்டிலும் சிப்ஸ் வைத்தாகிவிட்டது. ஒருவரும் தொடவில்லை.

“ஏன் சும்மா இருக்கீக?”

“பெரியவுக இன்னும் வாயில வைக்கலையே தாயி” என்றாள் பாக்கெட் ஒட்டும் அக்கா.

பெரியவர் என்றால் எண்ணெய்ச் சட்டி மாஸ்டர். கை கழுவி, துண்டை உதறி, நிதானமாகத்தான் வருவார். மூத்தவர் கை வைக்காமல் நாங்கள் சாப்பிட்டுப் பழக்கமில்லை. அதற்குள் ஜன்னல் வழியே சாரல் காற்று தட்டுகளைத் தடவிக்கொண்டிருந்தது.

மேடம் என் தட்டிலிருந்து ஒன்றை எடுத்து மிஷினில் வைத்தார். சத்தமே இல்லை. கோடு வழவழவென்று எழுந்து படுத்தது. மிஷினுக்கு அப்போதே பிரித்த பாக்கெட், எங்களுக்கு மரியாதை பார்த்து நமத்த சிப்ஸ்! மேடம் வாய்விட்டுச் சிரித்தார்.

“பொசக்கெட்ட பயலுகளா, எனக்காகவா காத்துக் கெடந்தீக? நான் என்ன சாமியா?” என்று கத்தினார், அப்போதுதான் வந்து விஷயம் கேட்ட மாஸ்டர்.

சனிக்கிழமை பாக்கெட்டைப் பிரித்ததும் கடித்தோம். இடையிடையே நமத்ததையும் சொல்லாமல் கலந்து கொடுத்தார் மேடம். மார்க்கும் கோடும் ஒன்றாகவே ஏறின, ஒன்றாகவே இறங்கின. நம்பாத முதலாளி தானே ஒன்றைக் கடித்து “ரெண்டு” என்றார். அதோடு எடுத்த இன்னொன்றை உடைத்த மிஷினும் கோட்டைப் படுக்கப் போட்டது.

“ரெண்டு பேரும் இருங்கம்மா” என்று சொல்லிவிட்டுப் போனார். மாஸ்டர் விசிலடித்தார்.

எனக்குத்தான் ஓரிடத்தில் கால் நிற்காதே. பல ஊர் சுற்றிவிட்டுப் போன மாதம் அந்தப் பக்கம் போனேன். மேடத்துக்குத் தலை நரைத்திருந்தது. லேப்பில் மூன்று மிஷின்கள். புதுப் பாக்கெட்டைப் பிரித்து நீட்டினார். மூத்தவரான அவர் முதலில் எடுக்கட்டும் என்று என் கை தானாக நின்றது.

“இன்னும் திருந்தலையா நீங்க? கடிங்க, நமத்துரும்.”

டக்.