ஒரே பஸ் முதலாளி

எழுதிப் பழக்கமில்லாதவள் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகள் கல்யாணத்துக்காக மலைமேல் இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து கீழே ஈப்போ நகரத்துக் கோயிலுக்குப் பஸ் பேசியிருந்தோம். ஓட்டி வந்த குட்டையான மனிதர், கண்ணாடியில் ஒட்டியிருந்த சங்க ஸ்டிக்கரைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டே இருந்தார். எங்களுக்குச் சங்கம் என்றால் தொழிலாளர் சங்கம்தான்.

“நீங்களும் நம்ம சங்கமாண்ணே?” என்றேன்.

“இது பஸ் முதலாளிங்க சங்கம்மா. எனக்கு இருக்கிறது இந்த ஒரே பஸ்தான். ஓட்டுற முதலாளியும் நாந்தான், கழுவுற முதலாளியும் நாந்தான் லா!”

மலைப்பாதையில் கம்போங் ராஜா என்ற ஊரைத் தாண்டியதும் பஸ் பழுதாகி நின்றுவிட்டது. முகூர்த்தம் தவறிவிடும் என்று மகள் அழுதாள். அவர் உடனே தன் சங்கத்துக்குப் போன் செய்தார். அதே ஸ்டிக்கரோடு வேறொரு பஸ் வந்தது. நாங்கள் அதில் ஏறியதும் மாலைக் கூடையை அவரே தூக்கி என் மடியில் வைத்தார்.

“நீங்களும் வாங்கண்ணே.”

“முதலாளி பஸ்ஸ விட்டுட்டு வரலாமாம்மா?”

தாலி கட்டும்போதும், பனியில் தனியாக நின்ற அவரையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் திரும்பும்போது அந்த இடத்தில் பஸ் இல்லை. அவருக்காகக் கட்டி வந்த லட்டுகளை நாங்களே சாப்பிட்டோம்.