பேஸ் கிற்றாருக்கு ஒரு கொம்பிரசர்

"அண்ணை, உங்கட பேஸ் ஒரு அடி இடிக்குது, அடுத்த அடி கேக்கவே இல்லை," என்று சவுண்ட்காரர் சொன்னபோது, கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு கல்யாண வரவேற்பை முடித்துவிட்டு நாங்கள் வயர் சுற்றிக்கொண்டிருந்தோம். "ஒரு கொம்பிரசர் பெடல் வாங்குங்கோ. கூடினதை அமுக்கி, குறைஞ்சதைத் தூக்கி, எல்லாத்தையும் ஒரே மட்டத்திலை தரும்."

கீபோட் வாசிக்கும் என் நண்பன் பக்கத்தில் நின்றான். இருபது வருடமாகக் கல்யாணம், பெண்பிள்ளைகளின் சாமத்தியவீடு, பிறந்தநாள் என்று இருவரும் ஒரே மேடையில்தான். "ஓமடா, வாங்கு," என்றான். "ஆனா பெரிய விலையிலை வேண்டாம்."

குறை எங்கே இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். பேஸ் கிற்றாரைச் சுட்டுவிரலாலும் நடுவிரலாலும் மாறி மாறித்தான் சுண்டுவேன். ஒரு வருடமாக வலது கை நடுவிரல் மரத்துக்கொண்டு வந்தது. மணிக்கட்டில் நரம்பு நெரிபடுகிறது, சீனி வருத்தமும் சேர்ந்திருக்கிறது, ஒப்பரேஷன் செய்தாலும் உணர்ச்சி முழுதாகத் திரும்பும் என்று சொல்லமுடியாது என்றார் டொக்டர். மனைவியிடம் கை உளைகிறது என்று மட்டும் சொல்லியிருந்தேன். குழுவில் யாருக்கும் மூச்சு விடவில்லை. கிழமை நாட்களில் நான் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் கோப்புகளுக்கு நடுவே இருப்பவன். சனி ஞாயிறில்தான் என்னை நாலு பேர் நிமிர்ந்து பார்ப்பார்கள். அதைக் கைவிட மனமில்லை.

காலி வீதியில் ஒரு கடைக்குப் போனேன். இருந்ததில் மலிவானது தீப்பெட்டியை விடச் சற்றுப் பெரியது, இரண்டே திருகிகள். கடைக்காரர் சிங்களத்தில் அதைப் புகழ்ந்து தள்ளினார். செருகி வாசித்தால் தடித்த தந்தியின் கனம் எங்கேயோ போய்விட்டது. லீட் கிற்றாருக்கென்று செய்த பெட்டி அது. நல்ல பெட்டியின் விலையோ என் ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேலே. அதைத் தொட்டும் பார்க்காமல் வெளியே வந்தேன்.

பிறகு இணையத்தில் ஒரு விளம்பரம் பார்த்தேன். பழைய பெடல். அமுக்கிய ஒலியோடு தந்தியின் சொந்த ஒலியையும் வேண்டிய அளவு கலந்துகொள்ள அதில் தனித் திருகி உண்டு. அப்படிக் கலந்தால் கனம் போகாது. விலையும் கைக்கு எட்டுவதாக இருந்தது. விற்பவர் இருப்பது கொட்டாஞ்சேனையில். கிற்றாரை முதுகில் போட்டுக்கொண்டு கோட்டை ஸ்டேஷன் வரை ரயிலிலும் அங்கிருந்து பஸ்ஸிலும் போனேன்.

கதவைத் திறந்தது முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். பள்ளிக்கூட நாளிலிருந்து மாதா கோயில் பாடகர் குழுவில் பேஸ் வாசிப்பவளாம். கணவர் இத்தாலிக்குப் போய்விட்டார், இவளும் அடுத்த மாதம் போகிறாள். வயதானவர்களைப் பார்க்கும் வேலை. அறை முழுக்கப் பாதி கட்டிய பெட்டிகள்.

"முதல்ல பெடல் இல்லாம வாசிங்கண்ணா. அப்பதான் வித்தியாசம் விளங்கும்," என்றாள்.

வாசித்தேன். அவள் சத்தம் வந்த அம்ப் பெட்டியைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தாள்.

"நடுவிரல்ல சத்தமே வரல்லியே அண்ணா?"

"நேற்றுக் கதவிலை அடிபட்டிட்டுது," என்றேன்.

அவள் குனிந்து பெடலைச் செருகி, திருகிகளை ஒவ்வொன்றாகச் சரிசெய்தாள். மறுபடி வாசித்தேன். சுட்டுவிரலின் இடி அடங்கியது, நடுவிரலின் முனகல் எழுந்து வந்து அதற்குப் பக்கத்தில் நின்றது. ஒரு வருடத்துக்குப் பிறகு என் வாசிப்பு எனக்குக் கேட்டது.

"இதுக்கு மேல திருப்பாதீங்க, இரைச்சல் வரும்," என்றாள். பெட்டியில் வைத்துத் தரும்போது கொஞ்சம் தயங்கினாள். "நான் இத விக்கத்தான் வேணும். ஆனா சொல்லாம இருக்க ஏலாது. இது வாசிச்சத ஒரே அளவாக்கும், அவ்வளவுதான். வாசிக்காதத வாசிக்காது. யாராவது டொக்டர்கிட்ட காட்டுங்க."

"ஓம், காட்டுறன்," என்று பணத்தைக் கொடுத்துவிட்டு இறங்கினேன்.

அடுத்த மேடையிலேயே சவுண்ட்காரர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். நண்பன், "இப்பதான்டா நல்லா இருக்கு," என்றான். அந்த மாதங்களில் நான் மகிழ்ச்சியாகத்தான் இருந்தேன். விரல் மரக்க மரக்கத் திருகியை ஒரு மயிரிழை, இன்னொரு மயிரிழை என்று திருப்பினேன். இரைச்சல் வந்தது. கல்யாண மண்டபத்தில் அதை யார் கேட்கப்போகிறார்கள் என்று இருந்தேன்.

ஒரு மத்தியான வரவேற்பு. பாட்டின் நடுவில் பெடலைக் குனிந்து பார்த்தேன். வாசிக்கும்போது மின்னவேண்டிய சிவப்பு விளக்கு மின்னவில்லை. கிற்றாரிலிருந்து வரும் வயர் கழன்று தரையில் கிடந்தது. ஆனால் பேஸ் கேட்டுக்கொண்டிருந்தது. நான் வாசிக்கும் அதே வரி, நான் வழுக்கும் அதே இடத்தில் வழுக்கலோடு. நண்பனைப் பார்த்தேன். அவனுடைய இடது கை கீபோட்டின் கீழ்க் கட்டைகளில் ஓடிக்கொண்டிருந்தது.

வயரை எடுத்துச் செருகவில்லை. பாட்டு முடியும்வரை சத்தமில்லாத தந்திகளைச் சுண்டிக்கொண்டு நின்றேன்.

பின்னேரம் அவனுடைய தொடர்மாடி வீட்டில் சாமான்களை இறக்கிவைத்த பிறகு கேட்டேன். "எப்ப இருந்து?"

எதை என்று அவன் கேட்கவில்லை. "போன மாரிக்கு முதலே. அப்ப மெல்லமா, நீ தடுமாறுற பாட்டுகளிலை மட்டும்."

"பெடல் வாங்க முன்னமேயோ? பிறகேன் என்னை வாங்கச் சொன்னனீ?"

"வாங்கினால் இன்னும் கொஞ்சக் காலம் நிப்பாய் எண்டு நினைச்சன்."

"வாய் திறந்து சொல்லியிருக்கலாமே."

"நீ சொன்னனியோ?" என்றான்.

என்னை ஏமாற்றிவிட்டாய், பொம்மையாக்கி மேடையில் நிறுத்திவிட்டாய் என்று கத்தினேன். படியிறங்கி வீட்டுக்கு நடந்தேன். அன்றைக்குத்தான் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "எனக்கு ஒரு சொல்லு சொல்லவேணும் எண்டு தோணேல்லையே?" என்று மட்டும் கேட்டாள்.

ஒப்பரேஷன் நடந்தது. உளைவு போயிற்று, விரலுக்கு உணர்ச்சி திரும்பவில்லை. நானும் மேடைக்குத் திரும்பவில்லை. பொத்தான் போடும்போது துணியா தோலா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். பெடலை விற்கவில்லை. வாங்க வருகிறவர்கள் வாசித்துக் காட்டச் சொல்வார்கள். நண்பன் ஒருநாள் பழங்களோடு வீட்டுக்கு வந்தான். பெற்றோல் விலை, மழை, அவனுடைய மகளின் பரீட்சை என்று கதைத்தோம். இசை பற்றி அவனும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. குழுவில் என் இடத்துக்கு யாரையும் சேர்க்கவில்லை என்று பிறகு வேறொருவர் சொன்னார். தேவைப்பட்டிருக்காது.

சில மாதங்களுக்குப் பிறகு பாமன்கடையில் எங்கள் அயலவர் மகளின் கல்யாணத்துக்கு மனைவியோடு போனேன். மேடையில் என் பழைய குழுதான். பின்வரிசையில் உட்கார்ந்தேன். நண்பனின் இடது கை பேஸை நன்றாக வாசித்தது, தாளம் ஒரு இடத்திலும் பிசகவில்லை. பாட்டின் நடுவில் அவன் என்னைக் கண்டு தலையை அசைத்தான். நானும் அசைத்தேன். அடுத்த பாட்டு தொடங்குமுன், சாப்பாட்டுக்கு முதல் பந்தி வைக்கிறார்கள் என்று மனைவியைக் கூட்டிக்கொண்டு எழுந்தேன்.