கப்பல்காரர் பெண்டாட்டியின் மெஷின்

கணவர் கப்பல் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு வந்துவிடப் போகிறார் என்று தெரிந்த நாளிலிருந்து பம்பரத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. அக்கம்பக்கத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் சிரித்துக்கொண்டே, "ஆமா, வர்றார்" என்றாள். உள்ளே மட்டும் யாரோ உரலில் போட்டு இடித்துக்கொண்டிருந்தார்கள். அது சந்தோஷமா பயமா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

பம்பரம் என்பது நாத்தனார் வைத்த பெயர். கல்யாணமாகி வந்த புதிதில், சாப்பிட உட்கார்ந்தவள் தண்ணீர் எடுக்க ஒரு தடவை, அடுப்பைப் பார்க்க ஒரு தடவை, எதற்கென்றே தெரியாமல் ஒரு தடவை எழுந்ததைப் பார்த்துவிட்டு, "அண்ணி, உங்களுக்குக் காலுக்குக் கீழ ஆணி இருக்கா?" என்று கேட்டாள் நாத்தனார். அன்றிலிருந்து பம்பரம். பதிலுக்கு இவள் நாத்தனாருக்கு அம்மி என்று பெயர் வைத்தாள். வீட்டுக்குள் மழைச்சாரல் அடித்தாலும், கையிலிருக்கும் டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துகிறவள் அவள். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். இந்த அம்மியை அடித்தவர் கைதான் வலிக்கும்.

நாத்தனாரும் அண்ணியும் சேர்ந்து ஒரு தொழில் நடத்துகிறார்கள் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். இவர்கள் நடத்தினார்கள். வீடுகளில் ஏசிக் காற்று ஓடுகிற டக்டைச் சுத்தம் செய்கிற தொழில். கூரைக்கும் அதற்குக் கீழே அடித்திருக்கும் பலகைக் கூரைக்கும் நடுவில், ஆள் தவழ்ந்து போகிற அளவு இருட்டு இடம் இருக்கும். அதற்குள்தான் அந்தத் தகரக் குழாய்கள் அறைக்கு அறை கிளை பிரிந்து போகும். கடலை ஒட்டிய ஊரில் அவற்றுக்கு நல்ல சாவு கிடையாது. உப்புக் காற்று திருகாணியைத் தின்னும். வெளியே புழுக்கம், குழாய் சில்லென்று, நடுவில் வியர்க்கும் ஈரம். அந்த ஈரத்தில் தூசி ஒட்டும், தூசியில் பூஞ்சை பிடிக்கும். பிறகு ஏசி போட்டதும் வீட்டில் உள்ளவர்கள் வரிசையாகத் தும்முவார்கள்.

தொழிலை ஆரம்பித்தவர் என்னவோ கணவர்தான். பெரிய உறிஞ்சு மெஷின் ஒன்றை வாங்கி, ஒரு பழைய வேனில் ஏற்றிக்கொண்டு வீடு வீடாகப் போனார். ஒரு வருஷம் போல நன்றாகத்தான் ஓடியது. திடீரென்று ஒருநாள், "கப்பல்ல வேலை கெடைச்சிருக்கு, போறேன்" என்றார். ஏன் என்று கேட்டதற்கு, "சம்பளம் நல்லா இருக்கு" என்றார். அதே கப்பலில் இன்ஜின் அறை வேலைக்கு இதைவிட நல்ல சம்பளம் தருகிறோம் என்றார்களாம். அதை வேண்டாம் என்றுவிட்டு, மேல்தளத்தில் கயிறு இழுக்கிற வேலையை எடுத்துக்கொண்டார். அது பம்பரத்துக்குப் புரியவில்லை. தன்னோடு ஒரே கூரைக்குள் இருக்க முடியாமல்தான் மனுஷன் கிளம்புகிறார் என்று தானாக ஒரு முடிவுக்கு வந்தாள். அதை யாரிடமும் சொல்லவில்லை.

மெஷின் முன்னறையில் போர்வை போர்த்திக்கொண்டு கிடந்தது. தையல்கடை வேலை போய், அம்மியும் வீட்டில் கிடந்தாள். பம்பரம் ஒருநாள் போர்வையை உருவி, "இத ஓட்டிப் பாத்தா என்ன?" என்றாள்.

"ஓட்டலாமே. யாரு மேல ஏறுறது?"

"நான்தான். நீ ஏறினா கூரை தாங்காது."

முதல் வேலையிலேயே, இருட்டில் மரச்சட்டத்தை விட்டுக் காலை எடுத்து வைத்து, பலகையைப் பொத்துக்கொண்டு ஒரு கால் கீழே தொங்கிவிட்டது. கீழே அந்த வீட்டுக்காரம்மா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் அலறிய அலறலில் தெருவே கூடியது. அம்மி மட்டும் நிதானமாக அண்ணாந்து பார்த்து, "பயப்படாதீங்க, அது எங்க அண்ணி காலுதான்" என்றாள்.

அப்படி ஆரம்பித்ததுதான். எந்த வேலையிலும் ஒரு மாதம் தாக்குப் பிடிக்காத பம்பரம் இதில் ஒட்டிக்கொண்டாள். தினம் ஒரு வீடு, தினம் ஒரு இருட்டு, முழங்கை தேயத் தவழ்ந்து முடிக்கும்போது உடம்பிலிருந்த பரபரப்பெல்லாம் வடிந்திருக்கும். மெஷினின் குழாயை மாற்றினாள், தூசிப் பையை மாற்றினாள், துருவைச் சுரண்டிப் பச்சை பெயின்ட் அடித்தாள். இப்போது கணவர் போனில் சொல்கிறார்: "முழங்கால் ஒத்துழைக்கல, கம்பெனியும் இனிமே கூப்பிட மாட்டான். வந்துடறேன். இனிமே எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன்."

அந்தப் 'பாத்துக்கறேன்' அவள் செருப்பில் புகுந்த சிறுகல்லாகிவிட்டது. நடக்கும்போதெல்லாம் குத்தியது.

அவர் வந்தார். வெயிலில் காய்ந்து கருத்து, லேசாக விந்திக்கொண்டு. மெஷினை ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்தார்.

"பச்சையா அடிச்சிருக்கே?"

"நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்கு. நாளைக்கு எங்க வேலை?"

"கடற்கரை ஓரம், பல் டாக்டரம்மா வீடு."

"நானும் வர்றேன்."

அம்மி இவள் முகத்தைப் பார்த்தாள். இவள் சுவரைப் பார்த்தாள். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? அவர் மெஷின், அவர் வேன், அவர் ஆரம்பித்த தொழில். அன்று ராத்திரி, துவைத்து மடித்து வைத்திருந்த துணியையெல்லாம் உதறி மறுபடி மடித்தாள். அப்படியும் தூக்கம் வரவில்லை.

பல் டாக்டரம்மா வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மழைக்காலம் முழுக்க மகள் வீட்டில் இருந்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். கதவைத் திறந்ததுமே நனைந்த கோணிச் சாக்கு வாடை அடித்தது. வரவேற்பறையில் எல்லாம் வெள்ளை: சுவர் வெள்ளை, திரைச்சீலை வெள்ளை, சோபா வெள்ளை. டாக்டரம்மாவின் தலையும் வெள்ளை. பம்பரத்துக்கு அந்த அறைக்குள் மூச்சு விடவே கூச்சமாக இருந்தது.

வேலைக்கு ஒரு வரிசை உண்டு. அறைகளில் காற்று வருகிற வாய்களையெல்லாம் முதலில் பிளாஸ்டிக் தாளால் ஒட்டி மூட வேண்டும். அடுத்து மெஷினைப் போட்டு டக்டை உறிஞ்ச விட வேண்டும். அது உறிஞ்ச ஆரம்பித்த பிறகுதான், மேலே இருக்கிறவர் அழுத்தக் காற்றை உள்ளே விட்டுத் தூசியைக் கிளப்ப வேண்டும். வரிசை மாறினால் தூசி வீட்டுக்குள் வரும்.

"நீங்க கீழ இருந்து தாள் ஒட்டுங்க. நான் மேல போறேன்" என்றாள் பம்பரம்.

"ஆம்பள நான் கீழ நின்னு தாள் ஒட்டறதா? குடு இங்க." காற்றுக்குழாயை வாங்கிக்கொண்டு அவர் ஏணியில் ஏறினார். ஏணியின் கடைசிப் படியில் கொஞ்சம் நின்றார். முழங்கால் வலி போலிருக்கிறது என்று நினைத்தாள்.

"நான் குரல் குடுத்த பிறகு காத்தைத் திறங்க. கேக்குதா?"

"எனக்கே சொல்றியா?" என்று இருட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

கீழே இருவரும் தாள் ஒட்டினார்கள். பம்பரம் அவசரமாக, அம்மி தன் வேகத்தில். படுக்கையறைகள் முடிந்தன. வரவேற்பறையில் இரண்டு வாய்கள் பாக்கி. டாக்டரம்மா சரியாக அவற்றில் ஒன்றின் கீழே நின்று, "இதுலதான் வாடை அதிகம்" என்று அண்ணாந்து காட்டிக்கொண்டிருந்தார்.

அப்போது மேலே காற்று சீறியது.

புஸ்ஸென்று ஒரு கரும்புகை இறங்கியது. வருஷக்கணக்கான தூசி, பூஞ்சை, எந்தக் குருவியோ கொண்டுவந்து சேர்த்த வைக்கோல் எல்லாம் வெள்ளைச் சோபா மீதும் வெள்ளைத் திரை மீதும் டாக்டரம்மா மீதும் கொட்டியது. "நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று பம்பரம் கத்தினாள். காற்று நின்றபோது டாக்டரம்மாவிடம் வெள்ளையாக மிச்சமிருந்தது பல் வரிசை ஒன்றுதான்.

"என்ன பண்ணிட்டீங்க!" என்றார் டாக்டரம்மா. "சாமானையெல்லாம் எடுத்துட்டு வெளியே போங்க!"

பம்பரத்தின் கால்கள் ஓடிவிடலாம் என்றுதான் சொல்லின. எத்தனையோ வேலைகளிலிருந்து அப்படி ஓடி வந்தவள்தானே. ஆனால் நின்றாள். "தப்பு எங்களோடதுதான் டாக்டர். கோபப்பட உங்களுக்கு உரிமை இருக்கு. ஆனா இந்த வீட்டைப் பழையபடி ஆக்கிக் குடுக்காம நாங்க போகமாட்டோம். போனா எங்களுக்குச் சோறு இறங்காது."

டாக்டரம்மா பதில் சொல்லுமுன் அம்மி ஒரு நாற்காலியைத் துடைத்து வெளித்தாழ்வாரத்தில் போட்டு, "முதல்ல கண்ணைக் கழுவிக்கங்க. தண்ணி கொண்டு வர்றேன். அதுக்கப்புறம் எவ்வளவு வேணாலும் திட்டுங்க" என்றாள். அந்த நிதானத்துக்கு முன்னால் யாராலும் ரொம்ப நேரம் கத்த முடியாது.

ஏணியில் கணவர் இறங்கினார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. உதடு வெளுத்திருந்தது. யாரையும் பார்க்காமல் வாசலைத் தாண்டி, கேட்டைத் தாண்டிப் போய்விட்டார்.

அதற்கப்புறம் பம்பரம் செய்த வேலையெல்லாம் கை செய்த வேலை. மனசு கேட்டிலேயே நின்றது. திரைகளைக் கழற்றினாள், சோபா உறைகளை உருவினாள், சுவரைத் துடைத்தாள், இடையிடையே ஜன்னலுக்குப் போய் எட்டிப்பார்த்தாள். சாலை காலியாக இருந்தது. பிறகு அவளே மேலே ஏறினாள். மெஷின் கீழே உறும, அம்மி குரல் கொடுக்க, குழாய்க்குக் குழாய் தவழ்ந்து பிரஷ்ஷைச் சுழற்றினாள். என்றைக்கும் அவளை அமைதிப்படுத்துகிற அந்த இருட்டு அன்றைக்கு அமைதிப்படுத்தவில்லை. மனுஷன் மறுபடி கப்பலேறிவிட்டாரோ என்று தோன்றியது. அந்த எண்ணம் வந்ததும் தலையைத் தூக்கிச் சட்டத்தில் இடித்துக்கொண்டாள்.

பொழுது சாய, வீடு வீடாகியது. டாக்டரம்மா குளித்துவிட்டு வந்து, ஏசியைப் போடச் சொல்லி, அதன் கீழே சந்தேகத்தோடு நின்று மூச்சை இழுத்துப் பார்த்தார். வாடை போயிருந்தது. "சோபா உறையைத் துவைச்சுக் கொண்டு வரணும்" என்றார். "வரும்போது அவரைக் கூட்டிட்டு வராதீங்க."

வேனுக்குப் பின்னால், நடைபாதைக் கல்லில் கணவர் உட்கார்ந்திருந்தார். எங்கும் போகவில்லை. வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் வேன் மறைத்துவிடும் இடம் அது. பம்பரத்துக்கு உயிர் வந்தது. வந்த கையோடு கோபமும் வந்தது.

"ஏங்க, சொன்னேனே, குரல் குடுத்த பிறகுன்னு! காது கப்பல்லயே நின்னுடுச்சா?"

"கேட்டுச்சு."

"அப்புறம்?"

அவர் கையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "மேல ஏறினா நெஞ்சை யாரோ மிதிக்கற மாதிரி இருக்கும். மூச்சு வராது. இப்ப இல்ல, அப்பவே அப்படித்தான். ஒவ்வொரு வீட்லயும் எப்படா இறங்குவோம்னு இருக்கும். இன்னிக்கும் அதேதான். சீக்கிரம் முடிச்சா இறங்கிடலாம்னு திறந்துட்டேன்."

"அதுக்காகவா கப்பலுக்குப் போனீங்க?"

"மேல்தளத்துல நின்னா நாலு பக்கமும் ஆகாசம். ஆம்பள, பயமா இருக்குன்னு பொண்டாட்டிகிட்ட எப்படிச் சொல்றது?"

பம்பரம் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். உடனே எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள். "இத்தனை வருஷமா நான் என்ன நெனச்சேன் தெரியுமா? என் ஆட்டம் தாங்காமத்தான் நீங்க ஓடினீங்கன்னு."

அவர் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். "அதுவும் கொஞ்சம் உண்டு" என்றார்.

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அம்மி மெஷினை வேனில் ஏற்றிக் கட்டிக்கொண்டே அண்ணனிடம் சொன்னாள்: "அண்ணா, நான் உன் தங்கச்சிதான். ஆனா சொல்லிடறேன். இந்த மெஷின் இனிமே அண்ணியோடது. நீ பாத்துக்கறேன்னு சொன்னியே, அதை வேற எங்கயாவது போய்ப் பாத்துக்க."

"நான் வேணாம்னா சொன்னேன்?" என்றார் அவர்.

அதற்காக எல்லாம் அன்றோடு சுமுகமாகிவிடவில்லை. சில வாரம் அவர் வேன் ஓட்டினார். வேலை நடக்கும்போது தெருவில் நின்றுகொண்டு, "இன்னுமா முடியல?" என்று போன் செய்து இருவர் உயிரையும் வாங்கினார். ஒரு தடவை பம்பரம் சாவியைப் பிடுங்கிக்கொண்டு அவரை நடந்தே வீட்டுக்கு வரவைத்தாள். கடைசியில் ஆற்றுமுகத்தில் ஓடுகிற பயணிகள் படகில் வேலை கிடைத்தது. கரையில் கயிறு வீசிக் கட்டுவதும், படிப்பலகை போடுவதும். காலையில் போனால் பொழுது சாய வீட்டுக்கு வந்துவிடுவார். மேலே கூரை கிடையாது.

பல் டாக்டரம்மா துவைத்த உறைகளை வாங்கிக்கொண்ட கையோடு, பக்கத்து அடுக்குமாடிக் கட்டடத்துக்காரரிடம் இவர்களைப் பற்றிச் சொல்லியிருந்தார். என்ன சொன்னாரோ தெரியாது. அந்த மனுஷன் இவர்களைக் கண்டதும் முதலில் தன் சோபாக்களுக்கெல்லாம் துணி போர்த்தினார். அத்தனை மாடியும் முடிக்க ஒரு பருவமே ஆகும் என்றாள் அம்மி. "உட்காந்து யோசிச்சுச் சொல்றோம்னு சொல்லுங்க அண்ணி."

பம்பரம் அதற்குள் ஏணியை விரித்துவிட்டாள்.