செருப்போடு கரையில் இறங்கியவள்

தேவானை என் கடைசித் தம்பியின் பெண்சாதி; எங்கள் அத்தை மகளும்கூட. நொச்சிக்குப்பத்தில் ஏலம் எடுத்து, கூடையைத் தலையில் வைத்து, மந்தைவெளி வரை நடந்தே மீன் விற்றவள்.

தொண்ணூற்றாறில் அவளுக்குச் சர்க்கரை என்று தெரிந்ததும், மகன் தனபாலன் கூடையைப் பிடுங்கிப் பரண்மேல் போட்டான். "இனிமே குந்திக்கினு துன்னு, போதும்" என்றான். பாசந்தான். உட்கார்ந்தவளுக்கு அசதி கூடியது. தெம்பு வருமென்று மருமகள் ஜானு குளுக்கோஸ் தண்ணீர் கலக்கிக் கொடுத்தாள். தெம்பு வரவில்லை, காலில் புண் வந்தது.

அடையாற்றில் விஜயலக்ஷ்மி டாக்டரம்மாவிடம் நாத்தனார் நான்தான் கூட்டிப் போனேன்.

"குளுக்கோஸா? யார் குடுக்கச் சொன்னது?" என்று அந்த அம்மாள் அதிர்ந்து போனாள். "ரத்தம் பூரா சக்கரை கிடக்கு. உள்ளே சதைக்குத்தான் பட்டினி. மீன் கரையிலயே குவிஞ்சு கிடந்தா தெருவுல குழம்பு கொதிக்குமா?"

"எப்டிம்மா கொதிக்கும்? தூக்கினு போவ ஆள் வோணும்" என்றாள் தேவானை.

"அந்த ஆள் உங்க உடம்புல சரியா வேலை செய்யலை. ஆனா நீங்க நடந்தா, சதைக்குள்ள இருக்கிற ஒவ்வொரு சின்ன அறையும் வேலைக்கு எரிக்கச் சக்கரை பத்தலைன்னு தானே உணர்ந்துக்கும். உணர்ந்தா, கதவைத் திறந்து சக்கரையை இழுத்துக்கும். உட்கார்ந்தே இருந்தா அதுக்கு எப்படிப் பசிக்கும்?"

தேவானை என்னைத் திரும்பிப் பார்த்தாள். "கேட்டியா அண்ணி? குந்த வெச்சே என்னைச் சாவடிச்சிருப்பானுங்க."

மாத்திரை எழுதிய டாக்டரம்மா, புண் ஆறியபின் நடக்கலாம், வெறுங்காலோடு மட்டும் கூடாது, மறுபடி புண் வந்தால் காலையே எடுக்க வேண்டிவரும் என்றாள்.

அங்கேதான் வந்தது வம்பு. எங்கள் கரையில் ஏலம் போடும் மணலில் யாரும் செருப்புக் காலோடு இறங்குவதில்லை. அது கடலாத்தா மடி.

புண் ஆறிய மறு வாரமே தேவானை பரணிலிருந்து கூடையை இறக்கினாள். மெத்தென்ற ரப்பர் செருப்போடு மணலில் இறங்கினாள்.

"இன்னாடி, கண்ணாலத்துக்குப் போறியா?" என்று ஒருத்தி சிரித்தாள்.

"ஆத்தா மடியில செருப்போட ஏறுறியே, வெக்கமா இல்ல?" என்றாள் இன்னொருத்தி.

"பெத்தவ மடியில புள்ள மூத்திரமே பெய்யுது. அவ கோச்சிக்கினாளா?"

சங்கரா மீன் ஒரு கூடை ஏலம் எடுத்தாள். ஆனால் நிறைந்த கூடையை ஒருத்தியாகத் தலைக்கு ஏற்ற முடியாது; எதிரில் ஒரு கை வேண்டும். கூப்பிட்டாள். ஒருத்தியும் நகரவில்லை. கரையில் உட்கார்ந்திருந்த நான் எழுந்தேன். என்னைக் கையமர்த்திவிட்டு, வலை பிரித்துக்கொண்டிருந்த மகனையே பார்த்தாள்.

"யம்மா, வூட்டுக்கு வா. மானம் போவுது" என்றான் தனபாலன்.

"கால் போனா எவன்டா குடுப்பான்? கை குடுத்தா குடு. இல்லாங்காட்டி எட்டி நின்னு பாரு, நானே தூக்குறேன்."

குனிந்து கூடையை முழங்கால்வரை தூக்கிவிட்டாள். கூடை சாய்ந்தது. மீன் இரண்டு மணலில் விழுந்தன. தனபாலன் வலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். விழுந்த மீனை எடுத்துப் போட்டு, எதிரில் நின்று தூக்கிவிட்டான்.

சும்மாட்டைச் சரி செய்துகொண்டு தேவானை அந்தப் பெண்களைப் பார்த்துச் சொன்னாள்: "வழி வுடுங்கடி. ஒடம்புக்குப் பசி எடுக்கணும்."