தோள் கட்டியும் வரதர் காட்டிய முகமும்

அந்தத் தை மாதம் என் வலது கை சோற்றை வாய்வரை தூக்க முடியாமல் தொங்கிப்போயிற்று. தோளில் நெருப்பை வைத்துக் கட்டின மாதிரி எரிச்சல். இனி எதற்கும் லாயக்கில்லை என்று மனம் உடைந்து கிடந்தேன். அடியார்களே, அந்தக் கையை நம் பெருமாள் வரதர் எனக்குத் திருப்பிக் கொடுத்ததைச் சொல்கிறேன். என் பெருமைக்காக அல்ல. என்னைப் போன்ற முட்டாள்கள் இந்தச் சின்ன காஞ்சிபுரத்தில் இன்னும் பலர் இருக்கிறார்கள், அவர்களுக்காக.

நான் வரதர் கோயிலில் சுவாமி தூக்கிக்கொண்டிருந்தவன். இருபது வருஷம் வாகனத்தின் முன்தண்டைச் சுமந்ததில் வலது தோளில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டி காய்த்திருந்தது. எங்கள் ஆட்களுக்கு அது பதக்கம். குளிக்கும்போது ஒருவன் கட்டியை இன்னொருவன் தடவிப் பார்ப்பான். பெரிய கட்டிக்காரன்தான் பெரிய பக்தன். அந்த அசட்டுக் கும்பலில் நானே முதல் ஆள். தினமும் அதற்குச் சந்தனம் பூசினேன். நினைத்தால் இன்றைக்கும் காறித் துப்பத் தோன்றுகிறது.

கட்டி சிவந்து, பழுத்து, சீழ் வடிய ஆரம்பித்தது. கூட்டாளி ராகவன் வந்து பார்த்தான்.

"அத்த மட்டும் அறுத்துடாதப்பா. பெருமாளு வெச்ச முத்திரை அது" என்றான்.

அவன் தோள் சௌக்கியமாக இருந்தது. அடுத்தவன் தோளுக்கு ஞானம் சொல்ல என்ன கஷ்டம்? நானும் மண்டையை ஆட்டினேன். என் மனைவி அலமேலுதான் கேட்டாள்:

"முத்திரை வெக்கறவரு சீழாலயா வெப்பாரு? நாறிக்கினு கெடக்குதுயா. கிட்ட வர முடியல."

பெரிய காஞ்சிபுரத்து டாக்டரை அவளே ஜட்காவில் அழைத்து வந்தாள். சீழ் மூட்டுக்குள் இறங்கினால் கையையே எடுக்க வேண்டிவரும் என்றார் அவர். ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன், ஆசாரம் கெட்டுவிடும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். அழுகின தோளுக்கு ஆசாரம்! வேறு வழியில்லாமல் வீட்டிலேயே அறுக்கச் சம்மதித்தார்.

அலமேலு கூடத்துக்குச் சுண்ணாம்பு அடித்தாள். பழைய வேட்டிகளைக் கிழித்துக் கொதிக்க வைத்து வெயிலில் உலர்த்தினாள். இடது கையால் சாப்பிடவும் வேட்டி கட்டவும் என்னைப் பழக்கினாள். மாசி பிறந்ததும் இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு, மயக்க மருந்து கொடுத்து, டாக்டர் கட்டியை அறுத்தெடுத்தார். விழித்தபோது கையை மார்போடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். வலியில் குழந்தை மாதிரி அழுதேன்.

பிறகு வந்தார்கள் பாருங்கள், விசாரிக்கிறவர்கள்! ஒருவன் புண்ணுக்குக் கோயில் விளக்கெண்ணெய் கொண்டுவந்தான். இன்னொருவன், சேவையின் அடையாளத்தை அறுத்த பாவம் ஏழு ஜன்மத்துக்கும் விடாது என்று சொல்லிவிட்டு, மோர் கேட்டு வாங்கிக் குடித்துப் போனான். அதன்பின் அலமேலு வாசல் கதவைத் தாழ் போட்டுவிட்டாள்.

புண் ஆறினதும் டாக்டர் ஒரு வேலை கொடுத்தார். சுவரில் விரல்களை வைத்து மெல்ல மெல்ல மேலே நகர்த்த வேண்டும். எட்டிய இடத்தில் அலமேலு கரிக்கோடு போடுவாள். மார்பு உயரம் வந்ததும் கை நின்றுவிட்டது. பங்குனி போயிற்று, சித்திரையும் போயிற்று, கோடு நகரவில்லை. இனி தண்டு பிடிக்க முடியாது என்று டாக்டரும் சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது. இத்தனை வருஷத்தில் நான் வரதரிடம் எதையும் வேண்டிக்கொண்டதே இல்லை. என் தோள் இல்லாவிட்டால் அவர் தெருவுக்கே வரமுடியாது என்று நினைத்திருந்தேன். என்ன திமிர்! "வரதா, தண்டு வேண்டாம். உன்னைக் கும்பிட இந்தக் கை தலைக்கு மேலே போனால் போதும்" என்று கெஞ்சினேன். மறுநாள் மறுபடியும் சுவரில் விரல் வைத்தேன். ஒவ்வொரு நாளும் அதையே சொல்லிக்கொண்டு வைத்தேன். கோடு கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. கழுத்துவரை வந்தது, அதற்கு மேல் வரவில்லை.

வைகாசி கருட சேவை வந்தது. விடிந்து வெளிச்சம் பரவும் நேரத்தில் பெருமாள் கருட வாகனத்தில் எங்கள் தெருவுக்கு வந்தார். என் இடத்தில் யாரோ ஒரு புதியவன் தண்டு பிடித்திருந்தான். ஒரு குலுக்கல் இல்லை, ஒரு தடங்கல் இல்லை. நான் இல்லாமல் அவர் ஜம்மென்று வந்தார்.

என் வாசலில் கருடன் நின்றது. நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் முகம்! முன்தண்டு பிடிக்கிறவன் அவருக்கு முதுகைக் காட்டித்தானே நடக்க வேண்டும்? இருபது வருஷம் கருட சேவையில் சுமந்தவன், கருடன்மேல் அவர் முகத்தை அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தேன். தேம்பித் தேம்பி அழுதேன்.

"யோவ், கையப் பாருயா!" என்று அலமேலு கத்தினாள்.

என் இரண்டு கைகளும் தலைக்கு மேலே கூப்பியிருந்தன.

இப்போது நான் சுமப்பதில்லை. கூட்டத்தில் ஒருவனாக நின்று சேவிக்கிறேன். கட்டியோடு திரிகிற என் கூட்டாளிகளே, டாக்டரிடம் காட்டுங்கள், வரதரிடம் கேளுங்கள். உங்களைக் காப்பாற்றுவது அவருக்குப் பெரிய காரியமல்ல. ஒருநாளாவது தண்டை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பிப் பாருங்கள்.