தோல் ஷாப்புத் தெருப் படம்

வேலூர் லாங் பஜாரில் படக்கடை வைத்திருந்த பஞ்சாட்சரத்துக்குக் கல்யாணப் படங்களால் வயிறு நிறைந்தது, மனசு நிறையவில்லை. மாதத்தில் இரண்டு நாள் படப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலேறிவிடுவார். சோளிங்கர் போனால் மலைக்கோயிலைப் படம் பிடிக்க மாட்டார். அடிவாரத்தில் பூட்டிக் கிடக்கும் பொரிக்கடையைப் பிடிப்பார். "இதைப் போய் எவன் வீட்ல மாட்டுவான்?" என்று பெண்டாட்டி செண்பகம் தலையில் அடித்துக்கொள்வாள். சும்மா கிடக்கிற தெருவில்தான் ஊரே இருக்கிறது என்பது அவர் கட்சி.

அந்தத் தெருவில் ஆள் வந்து நின்றால் மட்டும் அவருக்கு ஆகாது. நம் ஜனங்கள் லட்சணம் அப்படி! பெட்டியைக் கண்டதும் கையைத் தொடையோடு ஒட்டி, மூச்சை அடக்கி, விறைத்துப்போய்விடுவார்கள்.

1927 மாசியில், ஆம்பூர்த் தோல் ஷாப்புச் சுவரோரம், மத்தியானச் சோற்று நேரத்தில் ஒருவன் அப்படித்தான் வந்து நின்றான். சுண்ணாம்புத் தொட்டியில் தோல் ஊறப்போடும் தேவசகாயம்.

"கொஞ்சம் தள்ளுப்பா" என்றார். தள்ளினான். "இன்னும் கொஞ்சம்." தள்ளினான். படத்துக்கு வெளியே போய்விட்டான். பாவி மனுஷன், தன்னைத்தான் பார்த்துப் பார்த்து நிறுத்துகிறார்கள் என்று நினைத்து அங்கேயே விறைத்து நின்றான். எடுத்து முடித்ததும் ஓடி வந்தான்.

"நல்லா வந்துக்குதா ஐயா?"

நீ படத்தில் இல்லை என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? ரயிலுக்கு நாழியாகிவிட்டதாம் இவருக்கு. "வரும், வரும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

ஆடியில் ஆம்பூரில் காலரா கண்டது. ஆவணி பிறந்ததும் தேவசகாயத்தின் தாய் சவுரியம்மாள் விசாரித்து விசாரித்துக் கடைக்கு வந்து சேர்ந்தாள்.

"எம்புள்ள ரெண்டே நாள்ல போய்ட்டான் ஐயா. நீங்க அவனைப் படம் புடிச்சீங்கன்னு தெருவெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சான். அவன் மூஞ்சிய ஒருவாட்டி காட்டுங்க, சாமி."

பஞ்சாட்சரம் அலமாரியைத் திறந்தார். அவன் படத்தில் இல்லை என்று தெரிந்திருந்தும், படம் பிடித்த கண்ணாடித் தகடுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அன்றைக்கு எடுத்தது ஒன்றே ஒன்று. சுவர், காயும் தோல், கைவண்டி. அவன் நிழலாவது ஓரத்தில் விழுந்திருக்கக் கூடாதா? விழவில்லை. எவனெவனுடைய முகமோ கடை நிறைய இருந்தது, இவனுடையது இல்லை. என்னத்தைச் செய்வார்? நடந்ததை அப்படியே சொன்னார். அவள் திட்டியிருந்தால் தேவலை. திட்டவில்லை.

அவர் அச்சுப்போட்டு வைத்திருந்த அந்தப் படத்தை வாங்கி மேஜைமேல் வைத்துக் கேட்டாள்.

"எங்க நின்னான்? கைய வெச்சுக் காட்டுங்க."

படத்தின் விளிம்பைத் தாண்டி, நாலு விரற்கடை தள்ளி, வெறும் பலகையில் விரலை வைத்தார். "இங்கம்மா."

அவள் அந்த இடத்தை முந்தானையால் துடைத்தாள். உள்ளங்கையால் தடவினாள்.

"சிரிச்சிக்கினா நின்னான் ஐயா?"

பஞ்சாட்சரம் கண்ணை மூடிப் பார்த்தார். சுவர் வந்தது, கைவண்டி வந்தது. அவன் முகம் வரவே இல்லை.